கயிற்றுக்கு உள்ளேயா, வெளியேயா?

அறுவடை சமயத்தில் வரப்பின் மேல் நாலு பேர் கயிறு, முளைக்குச்சி, டேப், தராசு சகிதம் நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். வயலுக்குள் ஏதோ ஓரிடத்தில் அளந்து, நாலு மூலையிலும் குச்சி அடித்து, கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் நிற்கும் பயிரை மட்டும் அறுப்பார்கள். அடித்து, தூற்றி, எடை போட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். காகிதத்தில் இதற்குப் பெயர் பயிர் அறுவடைப் பரிசோதனை. ஊரில் சொல்வது, "கயிறு கட்ட வந்திருக்காங்க." பணியில் இருந்த காலத்தில் திருத்தணிச் சுற்றுவட்டாரத்தில் அப்படிக் கயிறு கட்டியவர்களில் நானும் ஒருவன்.

மலையடிவாரத்தில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர் சமீபத்தில் கேட்டார்: "ஒரு ஊர்ல ஆயிரம் ஏக்கர் பயிர் இருக்கு. நீங்க நாலு சதுரத்தை அறுத்துட்டு இந்த ஊர்ல இவ்வளவு விளைஞ்சுதுன்னு சொல்றீங்க. இது குத்துமதிப்பு இல்லாம வேற என்ன சார்?"

நியாயமான கேள்விதான். ஆனால் குத்துமதிப்பிலிருந்து தப்பிப்பதற்காகத்தான் அந்தக் கயிறே வந்தது. அந்தக் கதை நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. அதில் பெரும்பகுதி நம் நாட்டு வயல்களிலேயே நடந்தது என்பதும் தெரியாது.

வெள்ளைக்காரன் காலத்தில் விளைச்சல் கணக்கு மூன்று எண்களைப் பெருக்கி வந்தது. பயிரிட்ட பரப்பு ஒன்று. சாதாரண வருடத்தில் ஏக்கருக்கு இவ்வளவு விளையும் என்ற எண் இரண்டாவது. இந்த வருடம் அதில் எத்தனை பங்கு என்பது மூன்றாவது. பரப்புக்கு நம் பக்கத்து ரயத்துவாரி கிராமங்களில் அடங்கல் இருந்தது. கர்ணம் சர்வே எண் வாரியாக எந்தப் பயிர், எவ்வளவு என்று எழுதிவைப்பார். அது ஓரளவு நம்பகமான கணக்கு. மூன்றாவது எண்தான் வில்லங்கம். நாட்டின் பல பகுதிகளில் அதை அணாவில் சொன்னார்கள். பதினாறணா என்றால் முழு விளைச்சல், எட்டணா என்றால் பாதி. வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்து, "இந்த வருஷம் பத்தணா தேறும்" என்று சொன்னால் அதுவே மேலே போய்ச் சேரும். கிராமத்தில் சொன்னது தாலுகாவில் கூட்டப்பட்டு, ஜில்லாவில் கூட்டப்பட்டு, கடைசியில் அச்சில் தசம புள்ளியோடு வந்துவிடும்.

கண்ணுக்குப் பயமும் உண்டு, ஆசையும் உண்டு. அதிகமாகச் சொன்னால் கிஸ்தி தள்ளுபடி கிடைக்காது என்பது ஊருக்குத் தெரியும். அதனால் மதிப்பு எப்போதும் கொஞ்சம் கீழேயே நிற்கும். எத்தனை நல்ல மழை பெய்தாலும் பதினாறணாவை எட்டும் வருடம் அபூர்வம் என்று அந்தக் காலத்து அறிக்கைகளை ஆராய்ந்தவர்களே குறைப்பட்டிருக்கிறார்கள்.

ஜமீன் பகுதிகளில் இதைவிட மோசம். திருத்தணி அப்போது கார்வேட்நகர் ஜமீனில் இருந்தது. முதலில் வட ஆற்காடு ஜில்லா, 1911இலிருந்து சித்தூர் ஜில்லா. ரயத்துவாரியில் ஒவ்வொரு வயலின் வரியும் சர்க்காருக்கு நேராகப் போவதால் கணக்கும் நேராக இருக்கும். ஜமீனில் சர்க்காருக்கு வேண்டியது பேஷ்குஷ் தொகை மட்டுமே. எந்த வயலில் என்ன விளைந்தது என்பது ஜமீன் கச்சேரியின் கவலை. 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அப்படிப்பட்ட ஊர்கள் ரயத்துவாரிக் கணக்குக்குள் முறையாக வந்தன.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் பெரியவர்கள் சொன்னது மாதிரி எடுக்கும் முறைதானே என்று கேட்பார்கள். பாதி சரி. பானையில் அரிசி ஒரே தண்ணீரில், ஒரே தீயில், நாலு முறை கிளறப்பட்டு வேகிறது. எந்தப் பருக்கையை எடுத்தாலும் ஒன்றுதான். வயலை யாரும் கிளறுவதில்லை. மடை ஓரம் ஒரு மாதிரி, மேட்டில் ஒரு மாதிரி, மாட்டுக்கிடை போட்ட இடத்தில் இன்னொரு மாதிரி விளையும். அங்கே எந்தப் பருக்கையை எடுப்பது என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

செடியை எண்ணும் சிக்கல் காட்டிலும் உண்டு. 1856இல் பர்மாவின் பெகு பகுதிக்குக் காட்டதிகாரியாக வந்த டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளருக்கு அதுதான் முதல் வேலை. தேக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் வருடத்துக்கு எவ்வளவு வெட்டலாம் என்று எப்படிச் சொல்வது? காடு முழுவதையும் எண்ண ஆயுள் போதாது. அவர் யானை மேல் ஏறி ஒரு கோட்டில் காட்டுக்குள் போவார். இருபுறமும் குறிப்பிட்ட தூரத்துக்குள் தெரியும் தேக்கு மரங்களைச் சுற்றளவு வாரியாக நாலு வகுப்பாகப் பிரித்து எண்ணுவார். ஆறடியும் அதற்கு மேலும் சுற்றளவுள்ளது முதல் வகுப்பு. மழையிலும் வியர்வையிலும் காகிதம் நிற்காது என்பதால் மூங்கில் துண்டுகளில் கத்தியால் வெட்டுக்குறி போட்டு எண்ணினார் என்று சொல்வார்கள். நம் பால்காரர் சுவரில் கோடு போட்ட மாதிரிதான். கோட்டின் நீளமும் அகலமும் தெரியும், அதற்குள் மரம் எத்தனை என்றும் தெரியும். மீதிக் காட்டுக்குப் பெருக்கிக்கொள்ளலாம். பின்னால் 1864இல் அவரே இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார்.

கண் எவ்வளவு ஏமாற்றும் என்பதைச் செடிகளின் மேல் அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இருந்த இரண்டு இளைஞர்கள், ராஸ்கோ பவுண்டும் ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸும். புல்வெளியில் எந்தச் செடி அதிகம், எது குறைவு என்று வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியவர்கள்தான். ஐந்து மீட்டர் சதுரம் கட்டி ஒவ்வொரு செடியாக எண்ணிப் பார்த்தபோது தங்கள் கண்மதிப்பு பல செடிகளுக்குத் தப்பாக இருப்பதை 1898இல் அவர்களே எழுதினார்கள். பளிச்சென்று பூக்கும் செடி நிறைய இருப்பதாகத் தோன்றும். நிறமில்லாமல் தரையோடு கிடப்பது கண்ணில் படாது. இந்தப் பவுண்டு பிறகு செடிகளை விட்டுவிட்டு ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவரானார். சாட்சி சொல்பவன் கண்ணை எவ்வளவு நம்பலாம் என்று புல்வெளியிலேயே கற்றுக்கொண்டு போயிருப்பார் போலிருக்கிறது!

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1920களில் பீகார், ஒரிசா பகுதியில் ஜே.ஏ. ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி நெல் விளைச்சலை அளக்கக் கிளம்பினார். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய முக்கோணச் சட்டம் ஒன்று வைத்திருந்தார். அதன் பரப்பு ஒரு ஏக்கரில் 3200இல் ஒரு பங்கு, அதாவது ஒரு சென்ட்டில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஏன் 3200? ஒரு மணங்குக்கு 40 சேர், ஒரு சேருக்கு 80 தோலா, ஆக ஒரு மணங்குக்கு 3200 தோலா. சட்டத்துக்குள் அறுத்த நெல் எத்தனை தோலாவோ, ஏக்கருக்கு அத்தனை மணங்கு. பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். பழைய எடைக்கணக்கைப் பழகிய நம் வயதுக்காரர்களுக்கு இந்த அழகு புரியும்.

சட்டத்தைவிட முக்கியமானது, அதை எங்கே வைப்பது என்பதை அவர் மனிதர் விருப்பத்துக்கு விடாமல் குருட்டுவாக்கில் தேர்ந்தெடுத்தது. 1927இல் அவர் வெளியிட்ட அறிக்கை இங்கிலாந்தில் ரொனால்டு ஃபிஷர் கண்ணில் பட்டது. இன்றைய புள்ளியியலின் தந்தை என்று சொல்லப்படும் அவரே, தன் முறைகள் வளர்ந்ததில் ஹப்பாக்கின் நெல் வயல் சோதனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று பின்னால் எழுதினார். ஹப்பாக் 1936இல் ஒரிசாவின் முதல் கவர்னரானார். அவர் நெல்லை அளந்த கதையை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

அதே முறையைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனவர் பி.சி. மஹலனோபிஸ். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர். 1937 முதல் வங்காளத்தில் சணல் பயிருக்கு மாதிரி முறையில் கணக்கெடுத்தார். ஒரே பகுதிக்கு ஒருவரையொருவர் அறியாத இரண்டு குழுக்களை அனுப்புவார். இரண்டும் ஒத்துவந்தால் சரி, இல்லாவிட்டால் யாரோ மரத்தடியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மறுபக்கம், ஒரு வயல் விடாமல் எண்ணும் முழுக் கணக்கெடுப்பையும் அரசாங்கம் பெரும் படையோடும் பெரும் செலவோடும் நடத்திப் பார்த்தது. வியாபாரத்துக்கு வந்த சணலோடு ஒப்பிட்டபோது முழுக் கணக்கு கீழே கிடந்தது. சொற்பச் செலவில் எடுத்த மாதிரிக் கணக்கு பக்கத்தில் வந்து நின்றது. ஆள் கூடக்கூடத் தப்பும் கூடும் என்பது அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாதா?

முழுவதும் எண்ணியே தீரவேண்டிய இடமும் உண்டு. முதுமலைக் காட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் அவர் குழுவினரும் 1988இல் 50 ஹெக்டேர் நிலத்தை வகுத்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் செடிக்கும் எண் வில்லை கட்டினார்கள். முதல் கணக்கில் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். அங்கே கேள்வி எத்தனை என்பது மட்டும் இல்லை. தீயும் யானையும் வறட்சியும் எந்த மரத்தைக் கொண்டுபோகின்றன என்பது. அதற்கு ஒவ்வொன்றையும் தெரிந்தாக வேண்டும். நெல்லுக்கு அது வேண்டாம்.

நெல் கணக்கு தெரியாததன் விலை 1943இல் வங்காளத்தில் தெரிந்தது. 1942 அக்டோபரில் புயல். அதே பருவத்தில் நெல்லில் இலைப்புள்ளி நோய். எவ்வளவு நெல் போயிற்று என்று உறுதியாகச் சொல்ல யாரிடமும் கணக்கில்லை. கையிருப்பு போதும் என்றும் போதாது என்றும் அதிகாரிகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மாண்டவர்கள் 15 லட்சம் என்றது விசாரணைக் கமிஷன். 30 லட்சம் வரை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. பஞ்சத்துக்குக் காரணம் கணக்கு மட்டும் இல்லை. யுத்தம், பதுக்கல், ஆட்சியின் அலட்சியம் என்று எத்தனையோ உண்டு. ஆனால் பயிர்ப் புள்ளிவிவரங்களை நம்பமுடியாது என்பதை 1945இல் அந்தக் கமிஷனே பதிவு செய்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைப்பில் சொன்ன கேள்வி பெரிய சண்டையாக வெடித்தது. மஹலனோபிஸின் ஆட்கள் சின்ன வட்டங்களாக அறுத்தார்கள். இரண்டடி ஆரத்தில்கூட. டெல்லியில் வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலில் இருந்த பி.வி. சுகாத்மே, பல அளவுகளில் முக்கோணமும் வட்டமும் வைத்து ஒரே வயல்களில் அறுத்துப் பார்த்தார். சிறிய துண்டு ஏக்கருக்கு அதிக விளைச்சல் காட்டியது. இரண்டடி வட்டம் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் கூடுதலாகக் காட்டியது! 1946இல் இதை அவர் வெளியிட்டார்.

பயிர் ஒன்றுதான், வயலும் ஒன்றுதான். பிறகு எப்படி? கயிற்றின் மேலேயே நிற்கும் பயிரில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளேயா வெளியேயா என்று சந்தேகம் வரும்போது அரிவாள் பிடித்த கை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். யாரும் ஏமாற்றுவதில்லை. விளைந்த கதிரை விட்டுவிட மனசு வராது, அவ்வளவுதான். துண்டு சின்னதாக ஆக, பரப்பை ஒப்பிட ஓரம் அதிகமாகும். ஹப்பாக்கின் முக்கோணத்தில் ஒரு சதுர அடிப் பரப்புக்கு ஓரம் ஒன்றேகால் அடி. இப்போது நாம் கட்டும் ஐந்து மீட்டர் சதுரத்தில் அது கால் அடிதான். ஐந்து மடங்கு வித்தியாசம்.

நன்றாகப் பயிற்சி பெற்ற ஆட்களுக்கு இந்தத் தப்பு வராது என்றார் மஹலனோபிஸ். இருக்கிற வருவாய், வேளாண் ஊழியர்களை வைத்து, பெரிய துண்டாக அறுப்போம் என்றார் சுகாத்மே. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கயிறு பிடித்தவன் சுகாத்மே பக்கம்தான் நிற்பான். சண்டையின் தடம் இன்னும் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் வட்டம், உத்தரப் பிரதேசத்தில் பத்து மீட்டர் பக்கமுள்ள முக்கோணம், நம்மிடம் நெல்லுக்கு ஐந்துக்கு ஐந்து சதுரம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த ஒரு பெரியவர். வயலில் இறங்கும் முன் அவர் சொன்னது: "தம்பி, கண்ணை வரப்புலயே கழட்டி வெச்சுட்டு உள்ள இறங்கு." அடங்கலில் இருந்து சர்வே எண் சமவாய்ப்பு எண் பட்டியல்படி வரும். நாமாகப் பொறுக்கக்கூடாது. வயலின் தென்மேற்கு மூலையில், நம் பாஷையில் கன்னி மூலையில், நிற்கவேண்டும். நீளம், அகலம் அளந்து, இரண்டிலும் ஐந்து மீட்டர் கழித்து, மீதிக்குள் பட்டியலில் வரும் எண்ணுக்கு நீளவாட்டில் இத்தனை, அகலவாட்டில் இத்தனை என்று நடந்து போய் நின்ற இடத்தில் முதல் குச்சி. அங்கே பயிர் செழித்திருக்கிறதா, பதராக நிற்கிறதா என்று பார்க்கவே கூடாது. சதுரம் கோணாமல் இருக்க மூலைக்கு மூலை பிடித்துப் பார்ப்போம். கயிற்றின் மேல் நிற்கும் குத்தின் வேர் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் அறு, இல்லையென்றால் விடு. அறுத்து முடிந்ததும் ஈர நெல்லில் கொஞ்சம் எடுத்துக் காயவைத்து, எவ்வளவு எடை குறைகிறது என்றும் பார்ப்போம்.

படிக்க எளிது. நிலத்துக்காரர் பக்கத்தில் நிற்கும்போது அவ்வளவு எளிதில்லை. "இன்னா சார், அந்த மூலையில போய்க் கயிறு கட்றீங்க? இங்க வாங்க, எப்பிடி விளைஞ்சிருக்குன்னு பாருங்க" என்று பெருமையாகக் கூப்பிடுவார் ஒருவர். அடுத்த ஊரில், "அங்க ஒண்ணும் இல்ல நைனா, எல்லாம் பூச்சி" என்று பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துப் பதர் பக்கம் இழுப்பார். இருவரிடமும் கோபித்துக்கொள்ள முடியாது. மோர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு, பட்டியல் சொன்ன இடத்துக்கே போகவேண்டும்.

கோட்டின் மேல் நிற்பதன் வேதனை நம்மூர்க்காரர்களுக்குப் புதிதா என்ன? 1953இல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு அந்தப் பக்கம் போனோம். ம.பொ.சி.யும் மற்றவர்களும் நடத்திய போராட்டங்களுக்குப் பிறகு, படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்து, மொழியும் நிலத்தொடர்ச்சியும் பார்த்துக் கோடு போட, 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப் பக்கம் வந்தோம். உறவுக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முன்பெல்லாம் இந்தக் கணக்கு அறிக்கையில் அச்சாகி அலமாரிக்குப் போகும். 2016இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தபிறகு அது நேராகப் பாஸ்புக்கைத் தொடுகிறது. முக்கியப் பயிருக்கு ஊராட்சிக்குக் குறைந்தது நாலு சோதனை. அதன் சராசரி, அந்த ஊருக்கு வகுத்த அடிப்படை விளைச்சலுக்குக் கீழே போனால், எவ்வளவு கீழேயோ அந்த விகிதத்தில் ஊரில் காப்பீடு செய்த எல்லோருக்கும் இழப்பீடு.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அடிப்படை விளைச்சல் ஹெக்டேருக்கு 4000 கிலோ, காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மீட்டர் சதுரம் ஹெக்டேரில் 400இல் ஒரு பங்கு. மழை கெட்டுப்போய் சதுரத்துக்கு 8 கிலோதான் விளைந்தது என்றால் ஹெக்டேருக்கு 3200. இழப்பு 20 சதவீதம், ஏக்கருக்கு 6000 ரூபாய் வரவேண்டும். இப்போது ஓரத்தைப் பாருங்கள். 20க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் சதுரத்துக்குள் 1250 குத்து. கயிறு குத்துகளின் மேலேயே விழுந்தால் ஓரத்தில் மட்டும் 150. பாதியை எடுக்கவேண்டிய இடத்தில் முழுவதையும் அறுத்தால் 75 குத்து கூடுதல், அதாவது 6 சதவீதம். எடையில் அரைக் கிலோகூட இல்லை. நாலு சதுரத்திலும் இப்படி நடந்தால் விளைச்சல் 3392 ஆகிவிடும், இழப்பீடு 4560 ஆகிவிடும். ஏக்கருக்கு 1440 ரூபாய் போயிற்று. 300 ஏக்கர் காப்பீடு செய்த ஊரென்றால் நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். எதிர்ப்பக்கமும் இதே கணக்குதான். ஓரத்துக் குத்துகளை எல்லாம் விட்டுவிட்டால் அதே அளவு பணம் தவறாக வந்து சேரும், காப்பீட்டுக் கம்பெனிக்காரர் தகராறுக்கு வருவார்.

இப்போது கைப்பேசியில் செயலி, இடக்குறியோடு புகைப்படம், மேலே செயற்கைக்கோள் என்று எல்லாம் வந்துவிட்டது. எந்த வயல், எந்த நேரம் என்பதைப் படம் காட்டிக்கொடுத்துவிடும். ஓரத்துக் குத்தின் வேர் எந்தப் பக்கம் என்பதைக் குனிந்துதான் பார்க்கவேண்டும்.

உங்கள் ஊரில் இந்தச் சம்பாவுக்குக் கயிறு கட்ட வந்தால் வரப்பில் போய் நில்லுங்கள். வருகிற பிள்ளைகளை விரட்டவேண்டாம், நல்ல மூலைக்கும் கெட்ட மூலைக்கும் இழுக்கவும் வேண்டாம். கன்னி மூலையில் இருந்துதான் அளக்கிறார்களா என்று பாருங்கள். கயிறு கட்டி முடித்ததும் மூலைக்கு மூலை டேப் பிடிக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வரவேண்டும். அரிவாள் ஓரத்துக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் கிட்டப் போய் நில்லுங்கள்.